18 குழிக்கு 18 வேலி: தஞ்சாவூர்க்காரர் கோல்ஃப் ஆட எங்கே போகணும்? டெல்டாவுக்கு அந்த மைதானம் ஒத்துவருமா?

தஞ்சாவூர் பக்கம் நிலத்தை இன்னும் வேலி, மா, குழி என்று கணக்குச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 100 குழி ஒரு மா. 3 மா ஓர் ஏக்கர். 20 மா ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6.67 ஏக்கர்.

கோல்ஃப் விளையாட்டுக்கும் குழிதான் கணக்கு. முழு மைதானம் என்றால் 18 குழி. அப்படி ஒரு மைதானம் போட சுமார் 120 ஏக்கர் வேண்டும். இடத்தைப் பொறுத்து இது 100 ஏக்கராகவும் இருக்கலாம், 150 ஏக்கரைத் தாண்டியும் போகலாம். 120 ஏக்கரை வேலிக்கு மாற்றினால் சரியாக 18 வேலி. ஒரு குழிக்கு ஒரு வேலி நிலம்!

குழியின் அகலம் எவ்வளவு தெரியுமா? 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். ஒரு சின்ன டபரா அளவு. அதில் பந்தைத் தள்ளத்தான் இத்தனை வேலி நிலம்.

ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதிலிருந்து கோல்ஃப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். "கிரிக்கெட் மாதிரி நாமளும் போய் ஆட முடியுமா? கிளப்பில் மெம்பர் ஆகணுமா? எவ்வளவு செலவாகும்? நம்ம ஊர்ல ஏன் ஒண்ணு கட்டக் கூடாது?" இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

முதலில், கோல்ஃப் எப்படி ஆடுவது?

கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு இதன் அடிப்படை சுலபமாகப் புரியும். குழியில் குண்டை இறக்கணும், குறைந்த தடவையில் இறக்கியவர் ஜெயித்தார். கோல்ஃபும் அதேதான். விரலுக்குப் பதில் மட்டை, குண்டுக்குப் பதில் 45.93 கிராமுக்கு மேல் போகாத வெள்ளைப் பந்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு 'டீ' என்று பெயர். அங்கிருந்து குழி 100 மீட்டரிலும் இருக்கலாம், 500 மீட்டரிலும் இருக்கலாம். நடுவில் ஒட்ட வெட்டிய புல்வெளி 'ஃபேர்வே'. அதற்கு இரண்டு பக்கமும் வளரவிட்ட புல் 'ரஃப்'. மணல் பள்ளம் 'பங்கர்'. கடைசியில், குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி வெட்டிய இடம் 'கிரீன்'.

ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் அந்தக் குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். அதுதான் 'பார்'. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. பாரைவிட ஓர் அடி குறைந்தால் 'பேர்டி', ஓர் அடி கூடினால் 'போகி'. 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலான பெரிய மைதானங்களில் பார் 70 முதல் 72 வரை வரும்.

ஒரு ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். தூரத்துக்கு ஒன்று, மணலிலிருந்து எடுக்க ஒன்று, கிரீனில் உருட்ட ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முழு ஆட்டம் முடிய நாலு மணி நேரமாவது ஆகும். 6, 7 கிலோமீட்டர் நடக்கணும். "பணக்காரர்கள் சும்மா நின்று அடிக்கிற ஆட்டம்" என்று நினைப்பவர்கள் ஒரு தடவை நடந்து பார்த்தால் புரியும்.

ஹேண்டிகேப்: புதியவரும் சாம்பியனும் மோத ஒரு வழி

கோல்ஃபில் உள்ள அழகான ஏற்பாடு இது. ஒவ்வொருவரின் திறமைக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை அவர் அடித்த மொத்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

உதாரணத்துக்கு, உங்கள் ஹேண்டிகேப் 20. நீங்கள் 95 அடியில் ஆட்டத்தை முடித்தீர்கள். கழித்தால் 75. உங்கள் நண்பர் நன்றாக ஆடுபவர், ஹேண்டிகேப் 5. அவர் 82 அடியில் முடித்தார். கழித்தால் 77. இரண்டு புள்ளியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்! 2020 முதல் உலகம் முழுவதும் இதற்கு ஒரே முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்த எண்ணை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சில மைதானங்களில் வெளியாள் ஆடப்போனால், "உங்க ஹேண்டிகேப் சான்று எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

'பொது' மைதானம் என்றால் என்ன?

கோல்ஃப் மைதானங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, உறுப்பினர்களுக்கு மட்டும். உள்ளே போக உறுப்பினராக இருக்கணும், இல்லாவிட்டால் ஓர் உறுப்பினர் கூட்டிப் போகணும். பெரிய நகரங்களின் பழைய கிளப்புகளில் உறுப்பினராக விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள் உண்டு.

இரண்டு, கிளப்தான், ஆனால் வெளியாளும் அன்றைய கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆடலாம். மலைவாசஸ்தலங்களில் இந்த முறை அதிகம்.

மூன்று, முழுப் பொது மைதானம். அரசோ நகராட்சியோ அறக்கட்டளையோ நடத்தும். ரயில் டிக்கெட் மாதிரி நேரம் பதிவு செய்து, பணம் கட்டி, யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

இந்தியாவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் டெல்லியில் இருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) லாடோ சராயில், குதுப் மினாருக்குப் பக்கத்தில் அமைத்த குதுப் கோல்ஃப் கோர்ஸ் 2000-ல் திறக்கப்பட்டது. வடக்கு டெல்லியில் பல்ஸ்வா ஏரிக்கரையிலும் அதே ஆணையத்தின் மைதானம் உண்டு. வீட்டுமனை ஒதுக்கும் அரசு அமைப்பு கோல்ஃப் மைதானம் நடத்துவது நமக்குப் புதுசாகத் தெரியலாம். ஆனால் உலகில் இது சாதாரணம். அமெரிக்காவில் உள்ள சுமார் 16,000 மைதானங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுமக்களுக்குத் திறந்தவை.

கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமே பொது இடம்தான். 1974-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் உருவான அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. அங்கே ஆட, இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்துக் குலுக்கலில் ஜெயிக்கணும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் குழந்தைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் நடக்கிறார்கள். ஊர்ப் பொது நிலத்தில் ஆட்டம் நடக்கிறது, நிலம் ஊருக்குத்தான் சொந்தம் என்ற நினைப்பு அங்கே இன்னும் மாறவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பிளாக் இன்னொரு உதாரணம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தில், கிட்டத்தட்ட நம் நூறு நாள் வேலை மாதிரி, கட்டியது. மாநில அரசின் பூங்கா அது. 2002-லும் 2009-லும் யு.எஸ். ஓப்பன், 2025-ல் ரைடர் கோப்பை அங்கே நடந்தன. காலையில் இடம் பிடிக்க ராத்திரியே வந்து காரில் படுத்துத் தூங்கும் பழக்கம் அங்கே பிரபலம்.

சரி, தஞ்சாவூரிலிருந்து கிளம்பினால் எங்கே போகலாம்?

டெல்டா மாவட்டங்களில் டிக்கெட் எடுத்து ஆடும் பொது கோல்ஃப் மைதானம் இல்லை. எனவே வண்டி ஏறத்தான் வேண்டும்.

* கொடைக்கானல்: தஞ்சாவூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாக சுமார் 250 கி.மீ. 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தூண் பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. 18 குழி. கொடைக்குப் போன பலரும் அந்தப் பச்சைச் சரிவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். காட்டு மாடு மேய்வதையும் பார்த்திருப்பார்கள்.

* ஊட்டி: சுமார் 350 கி.மீ. ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 குழி மைதானம், மேடு பள்ளமான நீலகிரிச் சரிவில்.

* கோவை: செட்டிப்பாளையம் பக்கம் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்.

* சென்னை: சுமார் 340 கி.மீ. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்பின் மைதானமும் இருந்தது. பின்னதன் கதையைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

* இலங்கை: நுவரெலியாவில் ஊரின் நடுவிலேயே 1889-ல் தொடங்கிய மைதானம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளும் ஆடலாம். கொழும்பின் ராயல் கொழும்பு மைதானத்துக்குள்ளே களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும்.

இவை எல்லாமே கிளப்புகள். விருந்தினர் விதியும் கட்டணமும் சீசனுக்கு சீசன் மாறும். பயணத்துக்கு முன்பு போன் செய்து, "வெளியாள் ஆடலாமா, எந்தக் கிழமை, ஹேண்டிகேப் கேட்பீர்களா?" என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. போட்டி நடக்கும் நாளில் போய் கேட்டோடு திரும்பி வருவது பெரிய ஏமாற்றம்.

எவ்வளவு செலவாகும்? ஒரே கட்டணம் என்று நினைத்துப் போகக் கூடாது. மைதானக் கட்டணம் தனி. மட்டை வாடகை தனி. கேடிக்குக் கூலி தனி. பந்து தொலைந்தால் அதுவும் உங்கள் கணக்கு, புதியவர்கள் கையில் பந்து கட்டாயம் தொலையும். வார நாளைவிட சனி, ஞாயிறில் கட்டணம் கூடுதல். எப்படிக் கூட்டினாலும் ஒரு நாள் ஆட்டம் ஆயிரங்களில்தான் போய் நிற்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு

* நேராக 18 குழிக்குப் போக வேண்டாம். முதலில் 'டிரைவிங் ரேஞ்ச்' எனப்படும் பயிற்சித் திடல். ஒரு வாளிப் பந்துக்குப் பணம் கட்டி, நின்ற இடத்திலிருந்தே அடித்துப் பழகலாம். ஆட்டம் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதுதான் மலிவான வழி.

* காலர் வைத்த டி-ஷர்ட் போடணும். ஜீன்ஸ், லுங்கி, செருப்பு பெரும்பாலும் கூடாது.

* குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடணும். நேரம் தவறினால் அடுத்த குழு கிளம்பிவிடும்.

* முன்னால் இருக்கும் குழு தூரம் போகும்வரை அடிக்கக் கூடாது. பந்து யார் பக்கமாவது பறந்தால் "ஃபோர்!" என்று கத்தணும். அது எண் அல்ல, எச்சரிக்கை.

* மணலில் பதிந்த காலடியை வாரியால் சமன் செய்துவிட்டு வரணும். வரப்பை மிதித்துச் சரித்துவிட்டுப் போகிறவரை வயல்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் பார்ப்பார்கள்.

கேடி என்பவர் யார்?

மட்டைப் பையைச் சுமந்து, எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லிக்கொடுப்பவர். பல மைதானங்களில் அவர் மாதச் சம்பளக்காரர் இல்லை. ஆட்டம் இருந்தால் கூலி, மழை பெய்தால் இல்லை. விவசாயக் கூலிக்கும் இதுதானே நிலைமை என்று டெல்டாவில் உள்ளவர்களுக்குத் தோன்றும்.

ஆனால் இந்திய கோல்ஃபின் பெரிய பெயர்கள் சில இங்கிருந்துதான் வந்தன. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். உள்ளே நுழைய ஒரு கதவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி. பெங்களூரில் பயிற்சித் திடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் சின்ன வயதிலேயே மட்டை பிடித்தவர் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார்.

மைதானம் இல்லாத ஊரில் அப்படி ஒரு குழந்தை இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. பொது மைதானம் வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான்.

அப்படியானால் டெல்டாவிலேயே ஒன்று கட்டினால் என்ன?

கேட்க நன்றாக இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

புல்: இதில் டெல்டாவுக்குப் பஞ்சமே இல்லை. வெப்ப நாட்டு கோல்ஃப் மைதானங்களில் உலகம் முழுவதும் போடும் 'பெர்முடா' புல் வேறு எதுவும் இல்லை, நம்ம அருகம்புல்தான்! அதன் கலப்பின ரகங்களைத்தான் கிரீனுக்குப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் புல், வயலில் வந்தால் களை என்று விவசாயி பிடுங்கி எறியும் புல். அதற்குத்தான் அங்கே உரம் போட்டுத் தினமும் முடிவெட்டுகிறார்கள்.

மண்: இங்கேதான் சிக்கல். கோல்ஃப் பிறந்தது கடலோர மணல் மேட்டில். மழை பெய்தால் தண்ணீர் உடனே இறங்கிவிடணும். டெல்டாவின் வண்டலும் களிமண்ணும் நேர் எதிர். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் அங்கே நெல் விளைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நடவு வயலே மூழ்கும்போது, 108 மில்லிமீட்டர் குழியில் தண்ணீர் நிற்காமல் இருக்குமா?

அதற்கு வழி இருக்கிறது. கிரீனுக்குக் கீழே ஓர் அடி ஆழத்துக்கு மணல் நிரப்புவார்கள். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்று வைத்தால், 18 கிரீனுக்கு 2,700 கன மீட்டர் மணல். நம் கணக்கில் சுமார் 950 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் 300 நடைக்கும் மேல். பங்கருக்கான மணல் இதில் சேரவில்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதை எதிர்த்து மக்கள் போராடிய பகுதியில் இந்த மணல் எங்கிருந்து வரும்?

தண்ணீர்: 120 ஏக்கரில் 80 ஏக்கருக்கு மட்டும், ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விடுவதாக வைத்துக்கொள்வோம். தினமும் 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் சுமார் 135 லாரி.

நியாயமாகப் பேசினால், நெல்லும் தண்ணீர் குடிக்கும் பயிர்தான். அதே 80 ஏக்கரில் நெல் நட்டால் தினசரித் தேவை இதைவிட அதிகமாகவே இருக்கும். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். நெல் அந்தக் கணக்குக்குள் வாழப் பழகியது. கோல்ஃப் புல்லுக்கு அணை மூடிய பிறகும் தண்ணீர் வேண்டும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் இன்னும் அதிகமாக வேண்டும். அப்போது கைவைப்பது நிலத்தடி நீரில்தான்.

2024-ல் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆறு வாரம் தள்ளிப்போனதில் குறுவை என்ன பாடுபட்டது என்று கடைமடை விவசாயிகளுக்குத் தெரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி.யில் ஒவ்வொரு துளிக்கும் முறை வைத்துக் காத்திருக்கும் ஊர் இது.

சோறு: ஏக்கருக்கு 2 டன் நெல் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், 120 ஏக்கரில் ஒரு போகத்துக்கு 240 டன் நெல். அரைத்தால் சுமார் 160 டன் அரிசி. மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கும் குடும்பங்கள் என்று எடுத்தால், 660-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். அந்த வயலை நம்பி நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள் தனி. நிலம் இல்லாத அவர்களுக்கு விற்ற காசிலும் பங்கு இல்லை.

சட்டம் தடுக்குமா?

2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது, தாமிர உருக்காலை, இரும்பாலை, தோல் பதனிடுதல் போன்றவற்றை அது தடை செய்கிறது. கோல்ஃப் மைதானம் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற தனி அனுமதி வேண்டும், அவ்வளவுதான். 'பாதுகாக்கப்பட்ட மண்டலம்' என்ற பெயரை வைத்து எல்லா மாற்றத்துக்கும் பூட்டு போட்டாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பைபாஸ் சாலையோரம் வயல் மனையாவதும் அந்தப் பட்டியலில் இல்லாத விஷயம்தான்.

கிண்டி சொல்லும் பாடம்

இந்தக் கேள்வி தஞ்சாவூரோடு நிற்கவில்லை. சென்னை கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் 1945-ல் 99 ஆண்டு குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குப் போனது. வருட வாடகை சுமார் 614 ரூபாய். வாடகை உயர்வு தொடர்பான வழக்கில், 730 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை என்ற கணக்கு 2023-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. பசுமைப் பூங்கா, வெள்ளத்தைத் தாங்கக் குளங்கள் என்று திட்டம் அறிவித்தது. குதிரை ஓடும் பாதைக்கு நடுவில் தலைமுறைகளாக நடந்துவந்த கோல்ஃபும் இதில் சிக்கியது. விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது.

நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கேள்விதான். 2010-11 காலத்துத் தணிக்கை அறிக்கை ஒன்றில் சி.ஏ.ஜி., ராணுவ நிலத்தில் 8,000 ஏக்கருக்கு மேல் 97 கோல்ஃப் மைதானங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. சிங்கப்பூரில் 18 குழிகள் கொண்ட ஒரே பொது மைதானமாக இருந்த மெரினா பே கோல்ஃப் கோர்ஸ், நிலம் நகர வளர்ச்சிக்குத் தேவை என்று 2024 நடுவில் மூடப்பட்டது. அங்கே சுருக்கமாக நடந்தது இதுதான்: பொது மைதானம் போனது, கிளப்புகள் சில மிஞ்சின.

பொது நிலத்தில் ஆடுவது தப்பா, சரியா என்பதைவிட, அந்த நிலத்துக்குள் யார் நுழையலாம் என்பதே கேள்வி. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஞாயிற்றுக்கிழமை ஊரே நடக்கிறது. கிண்டியில் எத்தனை சென்னைவாசிகள் அந்தப் புல்லை மிதித்திருப்பார்கள்?

அப்போ டெல்டா பிள்ளைகளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. கோல்ஃப் என்றாலே 18 வேலி என்று இல்லை. பயிற்சித் திடல் ஒன்றுக்கு 250 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் போதும். அது சுமார் 6 ஏக்கர், ஒரு வேலிக்கும் குறைவு. தஞ்சாவூர் மாவட்டம் முழுக்க நஞ்சை இல்லை. வல்லம் பக்கம் போனால் செம்புறை மேட்டுநிலம். தண்ணீர் நிற்காது, நெல்லும் விளையாது. சுத்திகரித்த கழிவுநீரைப் புல்லுக்கு விடலாம், பல நகரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மட்டை கொடுத்துப் பழக்க இது போதும்.

ஆனால் வரிசையில் கோல்ஃப் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கணும். தஞ்சாவூர் நகரத்தில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. கிராமங்களில்? ஏரிக்கரை, கோயில் திடல், களம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. சம்பா அறுத்த பிறகு, உளுந்து தெளிக்காத வயலில் தாளை மிதித்துச் சமன் செய்து, மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள் பையன்கள். அவர்கள் ஆடும் இடத்துக்கு டிக்கெட் கிடையாது, உடைக் கட்டுப்பாடு கிடையாது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜூனில் தண்ணீர் வந்தால் அந்த மைதானமும் மறுபடி வயலாகிவிடும்.

கோல்ஃப் ஆடிப் பார்க்கணும் என்ற ஆசை இருந்தால் தாராளமாக கொடைக்கானல் பஸ் ஏறலாம். போகும்முன் போன் செய்ய மறக்க வேண்டாம். டெல்டாவில் பொது மைதானம் வேண்டும் என்று கேட்பதானால், வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற, ஆணும் பெண்ணும் காசில்லாமல் நுழையக்கூடிய ஒரு திடல் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். அதற்கு 18 வேலி தேவையில்லை, ஆறேழு மா நிலம் போதும்.